பதினேழுக்குப் பதினைந்து

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கும் பண்டகசாலைகளுக்கு நடுவே ஷௌகத் அலியின் சாயாக்கடை இருந்தது. பலகை கிலகை எதுவும் கிடையாது. 'பாய் கடை' என்று கேட்டால் பள்ளுருத்தி பஸ்ஸில் வந்து இறங்குகிறவன்கூட நேரே வந்து சேர்ந்துவிடுவான். ஷௌகத் அலி பாலக்காட்டு ராவுத்தர். மீசை முளைத்த வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு பாஷை.

அவர் சாயா அடிப்பதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். வலது கை தலைக்கு மேலே போகும், இடது கை முழங்கால்வரை இறங்கும், நடுவே சாயா பழுப்புக் கயிறு மாதிரி தொங்கும். ஒரு சொட்டு தரையில் விழாது. அப்போது அவர் டம்ளரைப் பார்க்க மாட்டார். தெருவில் போகிறவர்களைப் பார்ப்பார், அவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று.

எண்பத்தொன்றாம் வருஷம் மழை பிடித்த சமயத்தில் அந்தக் கயிறு அறுந்தது. அறுந்து விழுந்த இடம் ஒச்சப்பனின் மடி. ஒச்சப்பன் பண்டகசாலையில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்கு மேஸ்திரி, உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மச்சினன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்துச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாய்! சாயா கேட்டா அபிசேகமே பண்ணிவிட்டீக!"

கடை மொத்தமும் சிரித்தது. ஷௌகத் அலியும் சிரித்துவைத்தார். ஆனால் டம்ளர் கையை விட்டு நழுவியது அவருக்குத் தெரியவே இல்லை. விரல்களுக்குள் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதே அது ஒச்சப்பன் மடியில் கிடந்தது. சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு வெறும் டம்ளர் ஒன்றை எடுத்து விரல்களுக்குள் வைத்து அழுத்திப் பார்த்தார்.

யோசித்துப் பார்த்தால் கொஞ்ச காலமாகவே ஒவ்வொன்றாக நடந்துகொண்டுதான் இருந்தது. சில்லறையை எடுத்தால் மேசையெல்லாம் சிதறியது. சட்டைப் பட்டன் துளையைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்தது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு பஜார்வரை போய்த் திரும்பியிருக்கிறார். கழுத்தைக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால்வரை கரண்டு அடித்தது. கால்கள் இரண்டும் யாரோ மாட்டிவிட்ட மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டன.

"வாயுதான்," என்றார் மனைவி ஹாஜராவிடம்.

"வாயு வந்து டம்ளரைத் தட்டிவிடுமா மச்சான்? நாளைக்கு போட் ஏறி எர்ணாகுளம் போறோம். டாக்டரைப் பாக்குறோம்."

ஹாஜரா ஒன்றைச் சொன்னால் அது சொல்லும்போதே முக்கால்வாசி நடந்து முடிந்திருக்கும்.

டாக்டர் நீலகண்டன் நரம்பு ஆபரேஷன் செய்கிறவர். மூக்கு நுனியில் கண்ணாடி, பாக்கெட்டில் சுத்தியல். நோயாளியின் பேச்சைக் கேட்டதுமே நிமிர்ந்தார்.

"பாலக்காட்டுல எவ்விடம்?"

"புதுநகரம் சாரே."

"நான் கல்பாத்தியாக்கும்! அப்போ நம்ம ஆளுன்னு சொல்லும்."

நம்ம ஆள் என்றதால் சுத்தியல் அடி குறையவில்லை. முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் கால் டாக்டரை உதைக்கப் போனது. படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார்.

"கழுத்தெலும்பு தேஞ்சு, முள்ளு மாதிரி உள்பக்கமா வளந்திருக்கு. அது நரம்புத் தண்டைப் போட்டு நெருக்கறது. தண்ணிக் குழாய் மேல கட்டில் காலைத் தூக்கி வெச்சா எப்படி? அதான். மேல நெருக்கினா கீழ கையும் காலும் வாடும்."

"மருந்து?"

"சொல்றேன். முதல்ல எவ்வளவு வாடியிருக்குன்னு அளக்கணும். ஜப்பான்காரா ஒரு கணக்கு போட்டிருக்கா. கை, கால், தொட்டாத் தெரியறதா, மூத்திரம் அடங்கறதா, எல்லாத்துக்கும் சேர்த்துப் பதினேழு மார்க். பதினேழும் வாங்கினா ஒரு கொறையும் இல்லை. அவா கேக்கற முதல் கேள்வியே குச்சியால சாப்பிட முடியறதாங்கறது. நம்மூர்ல எவன் ஓய் குச்சியால சாப்பிடறான்? அதனால நான் ஸ்பூன், சட்டைப் பட்டன்னு மாத்தி வெச்சிருக்கேன்."

பட்டன் போடச் சொன்னார். ஸ்பூனைப் பிடிக்கச் சொன்னார். நடக்கவிட்டார், மாடிப்படி ஏற்றி இறக்கினார், ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். கடைசியில் பதிமூன்று என்றார்.

"மூணு மாசம் கழுத்துப் பட்டை போட்டுக்கோங்கோ. மறுபடி மார்க் போடுவேன். கீழ இறங்கித்துன்னா ஆபரேஷன். இறங்கலைன்னா பொறுத்துப் பாக்கலாம்."

இவ்வளவு நீளப் பேச்சில் ஷௌகத் அலியின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. பள்ளுருத்தியில் பீடிக்கடை வைத்திருந்த செல்லதுரை எங்கேயோ போய் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு, கட்டிலோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் கட்டிலோடு இருக்கிறான். போட்டில் திரும்பி வரும்போது ஹாஜரா காயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் தண்ணீருக்கு நடுவே ஒரு கட்டில் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் ஒரு வழியும் தோன்றிவிட்டது. மார்க் இறங்கினால்தானே கத்தி? இறங்காமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. நாலாங்கிளாஸைத் தாண்டாத மனிதர் அவர். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைக்கும் பரீட்சை வாழ்க்கையில் முதல் தடவையாக வந்திருக்கிறது. அதில் தோற்பதா?

முதல் பாடம் பட்டன். மகள் ஜுமைலாவைக் கூப்பிட்டார். அவளுக்குத் தையல் வரும்.

"மோளே, இந்தச் சட்டைக்கெல்லாம் உள்பக்கமா டிச் பட்டன் வெச்சுத் தையி. மேல பழைய பட்டன் அப்படியே தெரியணும். துளையை மூடி அதுமேலேயே பட்டனைத் தச்சிடு."

"எதுக்கு அத்தா?"

"இப்போ அதுதான் ஃபேஷன்."

ஜுமைலாவுக்கு அப்பாவின் ஃபேஷன் பற்றித் தெரியும். ஆனாலும் தைத்துக் கொடுத்தாள். இரண்டு விளிம்பையும் சேர்த்து உள்ளங்கையால் நெஞ்சில் ஒரு அடி அடித்தால் டப்பென்று பூட்டிக்கொண்டது. எதிரே நிற்பவருக்கு விரலால் மாட்டியது மாதிரியே இருக்கும்.

அடுத்த பாடம் ஸ்பூன். மத்தியானம் கடை ஓய்ந்ததும் வேகவைத்த கடலையை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஸ்பூனால் மாற்றிக்கொண்டிருந்தார். அரைவாசி பெஞ்சுக்கடியில் உருண்டது. காக்கைகள் அந்த நேரத்துக்குச் சரியாக வர ஆரம்பித்தன. மூன்றாவது, நடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போட் ஏறிப் போய், நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி அங்கே நடந்து பழகினார். தரையின் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் கால் தடுமாறுவதில்லை. கால் எங்கே இருக்கிறது என்று காலே சொல்வதை நிறுத்திவிட்டது. கண்தான் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. இதை ஒரு தந்திரம் என்றுதான் அவர் நினைத்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் பட்டன் போடச் சொன்னார். நெஞ்சில் ஒரு தட்டு. ஸ்பூன் கையில் நின்றது. நடை கோடு பிசகவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைச் சும்மா தடவிக்கொண்டு போவது போலப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"குத்தறதா?"

"குத்துது சாரே."

"நான் இன்னும் குத்தவே இல்லை ஓய்!" டாக்டர் சிரித்தார். ஆர்வக்கோளாறு என்று நினைத்துக்கொண்டார். "சரி, மூத்திரம்?"

"ஒரு கொழப்பமும் இல்ல சாரே."

டாக்டர் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பதினஞ்சு! பதிமூணுலேர்ந்து பதினஞ்சு! வெறும் கழுத்துப் பட்டையிலயே!"

ஷௌகத் அலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷப்பட்டதற்கான தண்டனை உடனே வந்தது. அடுத்த மாதம் எர்ணாகுளத்தில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடக்கிறதாம். மதராஸிலிருந்தெல்லாம் பெரியவர்கள் வருகிறார்களாம். கத்தி வைக்காமலே தேறிய நோயாளி என்று இவரை மேடையில் ஏற்றிக் காட்டப் போகிறாராம்.

"நீங்கோ ஒண்ணும் பேசவேண்டாம். இதே மாதிரி பட்டன் போட்டு நடந்து காமிச்சாப் போறும்."

மறுத்திருக்கலாம். ஆனால் ஊரே பார்க்க நிற்பது அவருக்கு எப்போதும் பிடித்த காரியம். சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடையில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. இப்போது சாயா அடிப்பது ஹாஜரா. அவள் உயரத்துக்குத் தூக்கியெல்லாம் அடிக்க மாட்டாள். இரண்டு ஆற்று ஆற்றிக் கொடுத்துவிடுவாள். ஷௌகத் அலி தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "பால் போதும், பால் போதும்," என்று மேற்பார்வை பார்த்தார்.

"பாய் மொதலாளி ஆயிட்டாருடோய்," என்றார் ஒச்சப்பன். அப்படிச் சொல்லிக்கொண்டே, ஸ்டூலிலிருந்து எழ முயன்றவரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியும் விட்டார்.

கூட்டத்துக்கு ஹாஜராவும் ஜுமைலாவும் வந்தார்கள். ஹாஜரா நல்ல புடவை கட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மண்டபம் முழுக்க டாக்டர்கள், தலைக்கு மேலே விசிறிகள், முன்வரிசையில் மதராஸ் பெரிய டாக்டர் கோட்டோடு. நீலகண்டன் படங்களைச் சுவரில் காட்டி இங்கிலீஷில் பேசினார். பிறகு ஷௌகத் அலியை அழைத்தார்.

பட்டன் போட்டுக் காட்டினார். ஸ்பூனைப் பிடித்தார். மேடைப் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கி மதராஸ் டாக்டருக்கு எதிரே வந்ததும், முன்வரிசைக்குப் பின்னால் ஒரு இளம் டாக்டரம்மா எழுந்தாள். சீதாலக்ஷ்மி என்று பேர்.

"அங்கயே ஒரு நிமிஷம் நில்லுங்க. ரெண்டு காலையும் சேத்து வெச்சு, கண்ணை மூடிக்குங்க."

கண்ணை மூடுவதா? கேள்வித்தாளில் அது இல்லையே! ஷௌகத் அலி நீலகண்டனைப் பார்த்தார். அவர் உற்சாகமாகத் தலையாட்டினார். வேறு வழியில்லை. மூடினார்.

மூடிய கணமே தரை காணாமல் போனது. கால் எங்கே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எதுவும் தெரியவில்லை. கை எதையோ பிடிக்கத் துழாவியது. முறிந்த தென்னை மாதிரி அப்படியே முன்னால் சாய்ந்து, மதராஸ் பெரிய டாக்டரின் மடியில் போய் விழுந்தார். விழுந்த வேகத்தில் டப் டப் டப்பென்று சட்டை கழுத்திலிருந்து தொப்புள்வரை தானே திறந்துகொண்டது. வெளிப்பட்டன்கள் மட்டும் போட்டது போட்டபடி வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன.

மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு யாருமே சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, திறந்த சட்டையின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல தையல்," என்றார் தமிழில்.

பின்வரிசையிலிருந்து ஹாஜரா ஓடி வருவது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது.

வராந்தாவில் ஒரு மர பெஞ்சில் அவரை உட்காரவைத்தார்கள். நீலகண்டன் கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. நின்றார்.

"ஏன் ஓய் இப்படிப் பண்ணினீர்?"

ஷௌகத் அலி தலையைக் குனிந்தார். குனிந்ததும் பிடரியில் கரண்டு அடித்தது. "பயம் சாரே," என்றார். "கட்டில்ல கெடக்கப் பயம். மார்க் இறங்கினா வெட்டுவேன்னு சொன்னீங்களே."

"மார்க் உமக்கில்லை ஓய், உள்ள நசுங்கிண்டிருக்கற நரம்புக்கு! நீர் ஆளை ஏமாத்தலாம், அதை ஏமாத்த முடியுமா?" டாக்டர் சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "நானும் லேசுப்பட்ட ஆளில்லை. ஏறித்தேன்னு குதிச்சேனே ஒழிய, ஏன் ஏறித்துன்னு கேக்கலை." பிறகு ஹாஜராவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோம்மா. ஆத்துல இவர் எப்படி இருக்கார்?"

ஹாஜரா கணவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததை எப்படிச் சொல்வது என்று அவளும் இருந்துவிட்டாள்.

"சோறு விரல் இடுக்குல வழியுது சாரே. அதனால நாங்கள்லாம் சாப்பிட்டப்பறம் அடுக்களையில தனியா உக்காந்து சாப்பிடுவாரு. குளிக்கப் போனா செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே போவாரு, செவுத்துல கைத்தடம் விழுந்து கெடக்கு. பேரப்புள்ளையைத் தூக்கச் சொன்னா எனக்கு வேலை இருக்குன்னுவாரு. பயம், கீழ போட்டுருவோம்னு." அவள் நிறுத்தினாள். முந்தானையைச் சரிசெய்தாள். "ஜும்மாவுக்குப் போறதில்ல. நோம்பு முடிஞ்சதுலேர்ந்து ஒரு வெள்ளிக்கெழமைகூடப் போகல. கேட்டா கடையில தெரக்கு, கூட்டம்ங்குறாரு. தெரக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது. கைகால் கழுவி ஒளு எடுத்துட்டுப் போயி நின்னா, தொழுது முடியறவரைக்கும் அடக்க முடியலை. ஒருக்கா பாதித் தொழுகையில நனைஞ்சு போச்சு. அன்னையோட விட்டாரு."

ஷௌகத் அலிக்கு முகம் சுட்டது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. ஈர லுங்கியை அன்றைக்கு அவரே அலசிக் காயப்போட்டிருந்தார். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையிலிருந்து தலை குனிந்து வெளியேறியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழுதால் துடைத்துக்கொள்ள விரல் ஒழுங்காக மடங்காது. எனவே அழவில்லை.

டாக்டர் அங்கேயே மறுபடி எல்லாவற்றையும் சோதித்தார். இந்தத் தடவை கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினார். கோடில்லாத தரையில் நடக்கவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு ஷௌகத் அலி ஹாஜராவைப் பார்க்க, ஹாஜரா ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையசைத்தாள்.

"ஒம்பது," என்றார் டாக்டர். "பாய், இனிமே ஒத்திப் போட்டா நீர் பயந்தபடியேதான் ஆகும். கட்டில்ல கொண்டுபோய் விடறது கத்தி இல்லை, இந்த நெருக்கல்தான். பழைய மாதிரி முழுக்க ஆகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மேல மோசமாறதை நிறுத்தலாம். கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். எவ்வளவுன்னு நமக்குப் பின்னாடிதான் தெரியும்."

"எப்போ சாரே?" என்று கேட்டது ஹாஜரா.

முதுகில் மருந்து ஏற்றி, பலகையில் தலைகீழாகச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். நெருக்கம் எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. ரத்தம் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லாரி வந்து நிற்க, ஒச்சப்பனும் அவரது சுமட்டுக்காரர்களும் தலைத்துண்டோடு குதித்தார்கள். மூட்டை ஏற்றுவதற்கு நிற்பது போலவே வரிசையாக நின்றார்கள். நர்ஸ் ஊசியை எடுத்ததும் பாறை மாதிரி இருந்த ஒரு ஆள் மயங்கி விழுந்தான். ஒச்சப்பனின் ரத்தம் பொருந்தியது.

"இனி பாய் ஒடம்புல ஓடுறது உசிலம்பட்டி ரத்தம். ஆரும் வம்புக்குப் போகாதீக," என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் தள்ளுகட்டிலில் படுத்திருந்தபோது ஷௌகத் அலி ஹாஜராவின் கையைப் பிடித்துக்கொள்ள விரும்பினார். விரல்கள் பேச்சுக் கேட்கவில்லை. அவளே பிடித்துக்கொண்டாள்.

"ஓதிக்கிட்டே போங்க மச்சான்," என்றாள். "வெளிய நான் ஓதிக்கிட்டு இருக்கேன். எங்கயாவது ரெண்டும் சேரும்."

கழுத்தின் முன்பக்கத்தைத் திறந்து, நெருக்கிக்கொண்டிருந்ததைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் வைத்து அடைத்தார்கள். கண் விழித்தபோது கழுத்தில் வலியே தெரியவில்லை. இடுப்பு உயிர் போனது. "கழுத்துக்குன்னு வந்தேன், இடுப்பை ஒடிச்சிட்டாங்களே," என்று சொல்லப் பார்த்தார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு அமைதியான வாரத்தைத் தான் பார்த்ததில்லை என்று ஹாஜரா பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

தேறுவது மெதுவாகத்தான் நடந்தது. முதலில் விரல்கள் வந்தன. ஒருநாள் காலை ஜுமைலாவின் குழந்தை அவர் படுக்கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டுப் போனது. யோசிக்காமல் அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். எறிந்த பிறகுதான் உறைத்தது, எடுத்தோமே என்று. இறங்கிப் போய் அந்தக் கொட்டையைத் தேடிக் கொண்டுவரச் சொல்லி வீட்டையே இரண்டு படுத்தினார். கால்கள் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. விறைப்பு குறைந்தது, போகவில்லை. இறங்குபடியில் இன்றைக்கும் கைப்பிடி வேண்டும்.

மழைக்காலம் மறுபடி தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கும்போது, அவர் பேசாமல் எழுந்து ஒளு எடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டார். அதில் நிஜப் பட்டன்கள். கடைசிப் பட்டன் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு ஒப்புக்கொண்டது. ஹாஜரா அடுப்படியிலிருந்து பார்த்தாள். குடையை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

பள்ளிவாசலில் கடைசி வரிசையில், சுவர் ஓரமாக நின்றார். பக்கத்தில் நின்றவர் ஒட்டி நிற்கும்படி தோளைத் தொட்டு இழுத்தார். சஜ்தாவுக்குக் குனிந்தபோது பிடரியில் கரண்டு அடிக்குமோ என்று ஒரு கணம் தயங்கினார். நெற்றி பாயைத் தொட்டது. அவ்வளவுதான். ஒன்றும் அடிக்கவில்லை. சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை நனையாமல் இருந்தார். பிறகு எல்லோரும் போன பின்னும், மழை விடட்டும் என்ற சாக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வருஷம் திரும்பியதும் டாக்டர் நீலகண்டன் அளந்து பார்த்தார். இந்தத் தடவை ஹாஜராவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பதினாலு வந்தது.

"என்ன சாரே, ஆபரேஷனுக்கு முன்னாடி பதினஞ்சு, வெட்டின பெறகு பதினாலா? இதுக்கு வெட்டாமலே இருந்திருக்கலாமே!" என்றார் ஷௌகத் அலி. குரல் பழையபடி கனத்துவிட்டிருந்தது.

"அது திருட்டு மார்க்கு ஓய்! கூட்டத்துல படிச்ச பேப்பர்லேர்ந்து அதை அடிக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆச்சு. ஒம்பதுலேர்ந்து பதினாலு. நான் பண்ணினதுலேயே நல்ல ரிசல்ட்டு உம்மளதாக்கும்."

"ஜும்மாவுக்குப் போறேன் சாரே. வாராவாரம்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"அதுக்கு ஜப்பான்காரன் எத்தனை மார்க் வெச்சிருக்கான்?" என்று கேட்டார் ஷௌகத் அலி.

"மூத்திரத்துக்கு மூணு வெச்சிருக்கான். ஜும்மாவுக்கு ஒண்ணும் வெக்கலை." டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "அவனை என்ன சொல்றது, எனக்கும் தோணலையே."

ஓரத்தில் சின்னதாக ஏதோ எழுதிவைத்தார். ஷௌகத் அலி எழுந்தார். போட்டுக்கு நேரமாகிவிட்டது.

கடையில் இப்போது இரண்டு பேரும் சாயா அடித்தார்கள். காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் ஹாஜரா. அவருடைய கயிறு முன்பு மாதிரி ஆள் உயரத்துக்கு இல்லை, ஒரு முழம்தான். தெருவைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்து அடித்தார். ஹாஜரா ஆற்றுகிற சாயாதான் ருசி என்று ஒச்சப்பன் சொன்னதற்கு, உசிலம்பட்டி ரத்தத்தை வேண்டுமானால் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் வெள்ளைக் கார் ஒன்று சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. தேங்காயெண்ணெய் வியாபாரி வெங்கிடாசலம் இறங்கினார். அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததுமே ஷௌகத் அலிக்குப் புரிந்துவிட்டது. கண் தரையை விட்டு எழவில்லை. பின்னால் அவர் மனைவி வீரலட்சுமி, கணவனைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டியும் மடக்கியும் வந்துகொண்டிருந்தாள்.

வெங்கிடாசலம் பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீலகண்டன் டாக்டர்தான் உங்களைப் போயிப் பாக்கச் சொன்னாரு. எனக்கும் கழுத்துதான். அடுத்த வாரம் மார்க் போடுறாராம். ஏதோ கேள்வியெல்லாம் கேப்பாராமே பாய்? என்னென்ன கேப்பாரு? முன்னாடியே தெரிஞ்சா, ஒரு மாதிரி தயாராப் போகலாமில்ல?"

ஷௌகத் அலி அவர் முகத்தைப் பார்த்தார். தன்னைப் போலவே, அந்த ஆளுக்குப் பயத்தில் மேலுதடு வியர்த்திருந்தது. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாயா டம்ளரைக் கையில் கொடுக்காமல் அவர் எதிரே பெஞ்சில் வைத்தார். பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்த வீரலட்சுமியை உள்ளே வரச்சொல்லி, ஹாஜராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தங்கச்சி. அண்ணன் வீட்டுல எப்படி இருக்காரு? நீங்க சொல்லுங்க."

வீரலட்சுமி கணவனைப் பார்த்தாள். அவர் தெரு முனையில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் பிடித்து, சமோவாரில் தண்ணீர் மறுபடி கொதிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாஜரா நடுநடுவே 'ம்' கொட்டினாள். வெங்கிடாசலம் முதலில் இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை போட்டில் நான்கு பேரும் எர்ணாகுளம் போனார்கள். படகுத்துறையில் அலை கொஞ்சம் அதிகம். போட் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஷௌகத் அலி முதலில் ஏறி, பலகையில் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, வெங்கிடாசலத்துக்குக் கையை நீட்டினார்.

"பாத்து வாங்க," என்றார். "அவசரமில்ல."